டில்லியின் வலது மூட்டு

ஆகஸ்ட் 1, திங்கள்

ஆளுக்கொரு நோட்டு கொடுத்துவிட்டார் கெர்ட். தினமும் எழுத வேண்டுமாம், ஒரு வரியாவது. "கோச் தன் ஞாபகத்தை நம்பக் கூடாது. ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் பேசும்" என்று விளக்கம் வேறு. நாற்பத்தாறு வயதில் எனக்கு ஹோம்ஒர்க்! எந்த மொழியில் எழுதட்டும் என்று கேட்டேன். உனக்குப் பொய் சொல்ல வராத மொழியில் எழுது என்றார். தமிழில் எழுதுகிறேன். அவரால் படிக்க முடியாது என்பது கூடுதல் வசதி.

சரி, ஒழுங்காக ஆரம்பிப்போம். நான் எபினேசர். பசங்களுக்கு எபி மாஸ்டர். கேனால் பாய்ஸ் ஃபுட்பால் அணியின் உதவி கோச். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர்கள் நடத்திய பள்ளியில் படித்த புண்ணியத்தில் இங்கிலீஷ் வரும். அதனால் கெர்ட்டுக்கு வாயும் காதும் நான்தான். கெர்ட் ஹூக்ஸ்ட்ரா ஹாலந்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, ஆறடி மூன்றங்குலம். அங்கே பதினோரு வருஷம் ஸ்டாப்பராக, கோலுக்கு முன்னால் எதிரியைத் தடுத்து நிறுத்துகிறவராக, ஆடியவர். நானும் ஸ்டாப்பர்தான். வியாசர்பாடியைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஸ்டாப்பர்.

நிலைமை இதுதான்: பன்னிரண்டு அணிகளில் நாங்கள் பதினொன்றாவது. இன்னும் நாலு மேட்ச். கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று செயலாளர் வரதராஜன் சார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஏழு மேட்ச் முன்னால் பழைய கோச்சை அனுப்பிவிட்டு இந்த வெள்ளைக்காரரை இறக்கியது அதற்குத்தான்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

கெர்ட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்கு முன்னால் எல்லாரையும் பார்வையாளர் காலரிப் படிகளின் உச்சிக்கு அனுப்புவார். பிறகு ஒவ்வொருவராக இறங்கி வர வேண்டும், மெதுவாக. ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இறங்கும்போது மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார்.

"ஏறுகிறவன் நடிக்கலாம். இறங்கும்போது மூட்டு நடிக்காது" என்றார்.

அவரே இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை விடுவதில்லை. இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். பசங்க பின்னால் நின்று அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். இரண்டு பேர் முதுகில் ஒன்று வைத்தேன்.

ஆகஸ்ட் 3, புதன்

டில்லிபாபு எங்கள் ஸ்டாப்பர். எங்கள் தெருக்காரன். அவன் மட்டும் இல்லையென்றால் நாங்கள் பதினொன்றாவது இல்லை, பன்னிரண்டாவது. இன்று பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னடா என்றேன். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் காட்டினான். வலது மூட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

"எப்போலேந்துடா?"

"போன வாரம் திரும்பும்போது டப்புனு ஒரு சத்தம் வந்துச்சு மாஸ்டர். ஓடுனா ஒண்ணியும் தெரியல. எறங்கும்போதுதான் உயிர் போவுது."

"நேத்து காலரில எப்படிடா எறங்குன?"

"பல்ல கட்சிகினு."

வெள்ளைக்காரரிடம் சொல்லிவிடவா என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாராண்டயும் சொல்லாத மாஸ்டர். உன்ன கையெடுத்துக் கும்புடுறேன்."

இருபத்தெட்டாம் தேதி கடைசி மேட்சைப் பார்க்க ஒரு மத்திய அரசு ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. ஆறு மாதமாக அவன் அதே பேச்சாக இருந்தவன். அதற்குத்தானே என்று கேட்டேன். ஆமா மாஸ்டர் என்று கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். அப்பா இல்லாத வீடு. ஒரு அரசாங்க வேலை என்றால் சும்மாவா? ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பினேன். கெர்ட்டிடம் சொல்லாமல் விட்டது இந்தப் பையனுக்காக.

ஆகஸ்ட் 4, வியாழன்

வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மழை.

ஆகஸ்ட் 6, சனி

ஒன்றுக்கு ஒன்று, டிரா. டில்லி முழுதும் ஆடினான். மேட்சுக்கு முன்னால் கெர்ட் என்னிடம் விரலை நீட்டி ஒவ்வொரு பெயராகக் கேட்டார். டில்லி? ஃபிட் என்றேன். ஒரே வார்த்தை. மூன்றெழுத்துச் சொல்லுக்கு இவ்வளவு வியர்க்குமா?

பிறகு அவர் பசங்களுக்குச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "டிஃபெண்டர் கீழே விழக் கூடாது. கீழே கிடக்கிற டிஃபெண்டர் மேட்சைப் படுத்துக்கொண்டு பார்க்கிறான், அவ்வளவுதான். நில். காத்திரு. அவன்தான் முதலில் தப்பு செய்வான்." பதினோரு வருஷம் அப்படித்தான் ஆடினாராம். முந்நூற்றுப் பன்னிரண்டு மேட்ச். நாலு கோல். அதில் இரண்டு தன் வலையிலேயே போட்டது. இதைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் டில்லியை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மனைவி புனிதா எலும்பு வார்டில் நர்ஸ். அவனைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

அவன் போனதும் ஆரம்பித்தாள். "ஏங்க, மூட்டு ஆடுதுங்க. லிகமென்ட்ல, உள் ஜவ்வுல, அடி பட்டிருக்கு. ஸ்கேன் எடுக்காம அவன கிரவுண்டுல எறக்காதீங்க."

"இன்னும் மூணு மேட்ச்தான் புனிதா."

"மூணு மேட்ச் ஆடிட்டு முப்பது வருஷம் நொண்டணுமா? உங்க மூட்டா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

என் மூட்டாக இருந்தாலும் இப்படித்தான் பேசியிருப்பேன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பாவி மக்கள், எங்கள் சண்டை என்றால் அவர்களுக்கு சீரியல்கூட வேண்டாம்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

வரதராஜன் சார் கூப்பிட்டனுப்பினார். ஆபீசில் டீ, சமோசா. சும்மா பேசிக்கொண்டிருந்தோம். நீ கிளப்புக்கு வந்து எத்தனை வருஷம் எபி என்று கேட்டார். பதினேழு என்றேன். வெள்ளைக்காரருக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறதாம். டில்லி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்றேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, புதன்

காலரிப் படியில் இன்று டில்லி இரண்டு இடத்தில் தயங்கினான். கெர்ட் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். கர்த்தர் இருக்கிறார்.

ஆனால் தினமும் லேஸ் அவிழுமா? மத்தியானம் கடைக்குப் போய் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கினேன். கிரவுண்ட்காரன் முனுசாமியிடம் கொடுத்து, படிகளுக்கு வெள்ளையடி என்றேன். எதுக்கு மாஸ்டர், யாராச்சும் மினிஸ்டர் வர்றாரா என்றான். வந்தாலும் வருவார், நீ அடி என்றேன்.

ஆகஸ்ட் 11, வியாழன்

"படி ஈரம். வழுக்கும்" என்று கெர்ட்டிடம் சொன்னேன். வெள்ளையாகப் பளபளத்த பதினெட்டுப் படியையும் ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார். சரி, சமதரையிலேயே ஆரம்பிப்போம் என்றார். பதினேழு வருஷமாக அந்த காலரிக்கு யாரும் ஒரு கை சுண்ணாம்பு பூசியதில்லை. கிளப்புக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, சனி

இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம்! டில்லி தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஆனாலும் பத்தாவது இடத்துக்குக் கோல் கணக்கில்தான் ஏறியிருக்கிறோம். ஒரு சறுக்கல் போதும்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கெர்ட்டை மதிய சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். அதற்கு முன்னால் டில்லி வந்து புனிதாவிடம் கட்டு மாற்றிக்கொண்டு போனான். அவன் போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கெர்ட் வாசலில் நிற்கிறார். எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்திருக்கிறார்கள். "உன் ஆள் கீழே போகிறான்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பிரியாணியைக் கையால் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார். பாதி தட்டில், பாதி மடியில். புனிதா, உங்க முட்டிக்கு என்ன ஆச்சு சார் என்று கேட்டுவிட்டாள். நான் முறைத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. கெர்ட் கோபப்படாமல் சொன்னார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் கேட்டாள்.

வடக்கே ஒரு சின்ன ஊர். அப்பா பால்மாடு வைத்திருந்தவர். பதினேழு வயதில் ஊர் கிளப்பின் பெரிய அணிக்கு வந்தார். இருபத்தாறில் ஒருமுறை தேசிய அணி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அந்தச் சட்டையை அவர் அம்மா இஸ்திரி போட்டு பீரோவில் வைத்திருந்தாராம், வியர்வை படாத சட்டை. இருபத்தெட்டாவது வயதில் வந்தது அந்தக் கடைசி மேட்ச். தோற்றால் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். மூட்டில் இரண்டு வாரமாக வலி. கோச் கேட்டார்: வலி இருக்கிறதா?

"இல்லை என்றேன். டாக்டர் ஊசி போட்டார். எழுபதாவது நிமிஷம் முடிந்தது. மேட்ச் இல்லை, நான்."

"அந்த கோச் உங்கள விட்டிருக்கக் கூடாது" என்றாள் புனிதா. இதை நான் கொஞ்சம் மழுப்பித்தான் மொழிபெயர்த்தேன்.

"யாரும் என்னை வற்புறுத்தவில்லை" என்றார் கெர்ட். "ஆடுகிறவன் பொய் சொல்வான். அது அவன் உரிமை. அதனால்தான் நான் ஆடுகிறவனை நம்பி எதுவும் செய்வதில்லை. பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்பேன்."

பிறகு கோச் வேலை. சின்னப் பசங்க அணி, இரண்டாம் டிவிஷன், அப்புறம் கானா, ஓமன், தாய்லாந்து, பெயர் மறந்த இன்னும் சில இடங்கள். ஒன்பது இடத்தில் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஓமனில் மட்டும் மாலை போட்டு அனுப்பினார்களாம். மனைவி ஐந்தாவது ஊருக்கு மேல் கூட வரவில்லை.

அவர் போன பிறகு புனிதா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மனுஷன் உங்களத்தான் கேக்குறாரு. தெரியுதா?" தெரியாதது மாதிரி குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

ஆகஸ்ட் 17, புதன்

வரதராஜன் சார் போன். அடுத்த வருஷம் நம்ம ஆள் ஒருத்தரே கோச்சாக இருந்தால் நல்லது என்று நிர்வாகத்தில் பேச்சாம். அணி மேலேயே நின்றால்தான் அந்தப் பேச்சு. டில்லி இருந்தால் நின்றுவிடுவோம் இல்லையா எபி என்றார். நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. இதற்கும் டில்லி மூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

புனிதாவிடம் சொல்லவில்லை. நடக்காத விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 20, சனி

தோற்றோம். இரண்டு பூஜ்யம். மறுபடி பதினொன்று. டில்லி திரும்பும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22, திங்கள்

புனிதா என்னைக் கேட்காமலே டில்லியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் ஃபிலிமைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. டாக்டர் சொல்லிட்டாரு, ஆறு வாரம் ஓடவே கூடாது. ஓடுனா மீதியும் போயிடும். பிசியோ செஞ்சா ஆபரேஷன் இல்லாமலே தேறிடுமாம். இப்போ நிறுத்துனா காலு தப்பிச்சிடும். ஆடுனா போச்சு. இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?"

டில்லி சுவரோரம் நின்றான். "மாஸ்டர் இன்னா சொல்றியோ அதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச், ஒரு டிரா போதும், எங்களுக்கு மேலே பத்தாவதாக நிற்கும் அணிக்கு அன்று எதிரி முதலிடத்து அணி. அவர்கள் எப்படியும் தோற்பார்கள். ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஆறு வாரம் என்ன, ஆறு மாதம் படுத்துக்கொள்ளட்டும், கையில் வேலை இருக்கும். இதைத்தான் சொன்னேன். புனிதா ஃபிலிமை எடுத்து உறையில் போட்டு பீரோ மேலே வீசினாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. (இந்த வரியை புதன்கிழமை சேர்க்கிறேன்.)

ஆகஸ்ட் 25, வியாழன்

கெர்ட் இன்று ஸ்டாப்பர் இடத்தில் லூர்துவை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வயது, நல்ல உயரம், பயந்தாங்கொள்ளி இல்லை. எப்படி என்றார். இன்னும் பழம் பழுக்கவில்லை என்றேன். நீ சொன்னால் சரி என்றார். உண்மையைச் சொன்னால் லூர்து நன்றாகவே ஆடினான்.

ஆகஸ்ட் 27, சனி

எழுத உட்கார்ந்து அரைமணி ஆகிறது.

பயிற்சிக்குப் பிறகு கெர்ட் என்னையும் டில்லியையும் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். பந்து மூட்டையைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: வலி இருக்கிறதா என்று அவனைக் கேள்.

கேட்டேன். "வலி கீதாடா?"

டில்லி வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது.

"இல்ல மாஸ்டர்" என்றான்.

"நோ பெயின்" என்றேன்.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று கெர்ட் என்னைக் கேட்டார். இன்னும் மூட்டையைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சுக்கு அவ்வளவு நேரமா?

"ஃபிட்" என்றேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

டிரா. தப்பித்துவிட்டோம். டில்லி ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எண்பத்தோராவது நிமிஷம். அவர்கள் ஃபார்வர்டு தனியாக உள்ளே வந்துவிட்டான். டில்லி பின்னால் ஓடினான். நின்று பிடிக்க நேரமில்லை. விழுந்து, வலது காலை நீட்டிப் பந்தைத் தள்ளினான். பந்து வெளியே போனது. சுத்தமான பந்து, ஃபவுல்கூட இல்லை. ஜனம் கத்தியது. அவன் எழுந்து ஒரு அடி வைத்தான். அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஸ்கோரு இன்னா மாஸ்டர்?" என்றான். அதைத்தான் கேட்டான், படுபாவி.

லூர்து இறங்கினான். மீதி ஒன்பது நிமிஷமும் அருமையாக ஆடினான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. விசில் ஊதியதும் பசங்க வரதராஜன் சாரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் யார் என்று கூட்டத்தில் தேடினேன். அப்படி யாரும் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 29, திங்கள்

முழுதும் கிழிந்துவிட்டது. பக்கத்து ஜவ்வும் போய்விட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் புனிதாவிடம் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வராந்தாவில் கெர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்கேன், சுண்ணாம்பு, எல்லாம். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். உன் வீட்டு மாடிப்படியில் பார்த்தேனே. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினான். நான் இறங்குவது மாதிரியே."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீர்கள்?"

"நீ ஃபிட் என்று சொல்வதற்காக."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்து நின்றுவிட்டேன். அவர் உட்கார்ந்தபடியே பேசினார். "ஒன்பது இடத்தில் அனுப்பிவிட்டார்கள், பத்தாவதாக வந்த இந்த அணியையும் கீழே இறக்கிவிட்டுப் போனால் என்னை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் எபி. இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அந்த இருபத்தெட்டு வயதில் என் கோச் கேட்டார் என்று சொன்னேன் இல்லையா? அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். முப்பது வருஷம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை."

நாக்கு நுனி வரை கெட்ட வார்த்தை வந்தது. எந்த வாயால் திட்டுவது? உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் இரண்டு ஸ்டாப்பர்களும் அந்த பெஞ்சில் இருந்தோம்.

செப்டம்பர் 1, வியாழன்

வரதராஜன் சார் கடிதம் கொடுத்துவிட்டார். தலைமை கோச், மூன்று வருஷம். கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் ஒரு பிரதி தர வேண்டும்.

ஆகஸ்ட் 9 அன்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். "சும்மா பேசிக்கொண்டிருந்தோம்." எனக்குப் பொய் சொல்ல வராத மொழியாம்! அன்றைக்கே அவர் தெளிவாகச் சொன்னார். நீ பதினேழு வருஷம் பந்து மூட்டை சுமந்தது போதும், அணியை மேலே நிறுத்து, டில்லியை உட்கார வைத்துவிடாதே, அந்த நாற்காலி உனக்கு. அதைக் கேட்டு நான் பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பையனுக்காக, பையனுக்காக என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

புனிதாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். "அவன்கிட்ட போய் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள்.

செப்டம்பர் 3, சனி

கெர்ட் ஊருக்குப் போனார். மியான்மரிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டிருக்கிறதாம், கடைசி மேட்ச் முடிவைப் பார்த்துவிட்டு. ஏர்போர்ட்டில் கை கொடுத்தார். நல்லா இரு என்று தமிழில் சொன்னார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நானும் அதையே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 4, ஞாயிறு

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு டில்லி வீட்டுக்குப் போனேன். எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று செயலாளருக்கு ஒரு கடிதம். சட்டைப் பையில் அதுவும், வேலைக் கடிதமும்.

கட்டிலில் காலை நீட்டி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டோடு கிடந்தான். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அதுவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். அவன் அம்மா டீ போட உள்ளே போனார்.

"டில்லி, ஒண்ணு சொல்லணும்டா. நடுவுல பேசாத. வரதராஜன் சார் எனக்கு கோச் வேலை தர்றேன்னாரு. போன மாசமே சொல்லிட்டாரு. அதனாலதான் நான் உன்ன…"

"தெரியும் மாஸ்டர்."

"இன்னா தெரியும்?"

"அந்தாளு என்னாண்டயும் வந்தாரே. டீம் மேலயே நின்னா உங்க மாஸ்டர்தான் கோச்சு, நீ ஒக்காந்துட்டேன்னா அந்தப் பேச்சே கெடயாதுன்னாரு."

"உனக்கு வேலைடா. ஆபீஸ்லேந்து ஆள் வர்றாங்க, அதுக்கோசரம்தான் நீ…"

"இன்னா வேலை? எனக்குத்தான் ஜூலையிலயே வயசு தாண்டிட்ச்சே. ஃபாரத்த மூஞ்சிலயே திருப்பிக் குட்த்துட்டாங்கோ. உன்னாண்ட சொன்னா நீ பேஜாராயி மனசு ஒடஞ்சிடுவேன்னு சொல்லல."

"அன்னிக்கி கேட்டனே? ஆமான்னியே."

"ஆடுற வரிக்கும் ஆடலாம்னு சொன்னேன். அப்பால காலு ரொம்ப மோசமாயிட்ச்சு. அந்த சனிக்கெயம வலிக்குதுன்னு சொல்லிடலாம்னுதான் மாஸ்டர் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். சரி, பதினேயு வருசம் மூட்டை தூக்குன ஆளு, ஒரு மேட்ச்தானேன்னு வுட்டுட்டேன்."

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவன் அம்மா டீயோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

வேண்டாம் என்று எழுதிய தாளை எடுத்து அவனிடம் காட்டினேன். நாளைக்கே கொடுத்துவிடப் போகிறேன் என்றேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. அதைச் செய்தால் அவன் எதிரில் நிமிர்ந்து உட்காரலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

டில்லி தாளைப் படிக்கவில்லை. என்ன என்று மட்டும் கேட்டான். சொன்னேன். பதினைந்து வருஷமாக அவனைத் தெரியும், என் மேல் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

"வேணாம்னு சொல்லப் போறியா? அப்ப என் காலு எதுக்கு மாஸ்டர் போச்சு? அத்த சொல்லிட்டுப் போ."

தாளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

தாளை அவனே வாங்கி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். டீ ஆறுது, குடி என்றான். குடித்தேன். சுவர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"நாளைக்கு பிராக்டிஸ் எத்தினி மணிக்கு?"

"அஞ்சரை" என்றேன்.

"லேட்டா போவாத. கோச்சு லேட்டா போனா பசங்க மதிக்க மாட்டானுங்க."